குடத்துக்குள் உருளும் குண்டுகள்

1930களில் டெட்ராய்ட் தொழிற்சாலைகளிலிருந்து ரயிலேறிப் போன புதுக் கார்களில் ஒரு புரியாத கோளாறு தலைகாட்டியது. சாலையில் ஒரு மைல்கூட ஓடாத வண்டி. விற்பனை நிலையத்தில் இறக்கி ஓட்டினால் முன்சக்கரத்தில் கரகரவென்று சத்தம். ஹப்பைக் கழற்றிப் பேரிங்கைப் பார்த்தால், உள்ளே உருளும் பாதையில் சம இடைவெளி விட்டு வரிசையாகப் பள்ளங்கள். எத்தனை உருளைகளோ அத்தனை பள்ளங்கள். குளிர்காலத்தில் அனுப்பிய வண்டிகளில் சேதம் இன்னும் மோசம்.

ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த ஜான் ஆல்மன் 1937ல் இதற்கு விளக்கம் எழுதினார். ரயில் பெட்டியில் கட்டிவைத்த காரின் சக்கரம் சுழலாது. ஆனால் தண்டவாளத்தின் அதிர்வு ஓயாது. உருளைகள் நின்ற இடத்திலேயே மயிரிழை அளவு முன்னும் பின்னும் அசைந்துகொண்டே இருந்தன. அந்தச் சின்ன அசைவில் இடுக்கிலிருந்த கிரீஸ் வெளியே தள்ளப்பட்டது. மறுபடி உள்ளே வர வழியில்லை. குளிரில் இறுகிய கிரீஸ் என்றால் கேட்கவே வேண்டாம். உலோகமும் உலோகமும் நேருக்கு நேர் உரசி ஒன்றையொன்று அரித்துக்கொண்டன. அந்தக் கார்கள் சாலை வழியாக ஓடியே ஊர் போய்ச் சேர்ந்திருந்தால் பேரிங்குகள் பிழைத்திருக்கும்.

சக்கரத்தின் நடுவே உட்கார்ந்திருக்கும் கையளவு இரும்புக்குள் இவ்வளவு நுட்பம் இருக்கிறது. சின்ன காரின் முன்சக்கரம் ஒவ்வொன்றும் ஏறக்குறைய முந்நூறு கிலோ பாரத்தைச் சுமக்கிறது. எண்பது கிலோமீட்டர் வேகத்தில் அது நிமிடத்துக்கு எழுநூறு தடவைக்கு மேல் சுற்றுகிறது. ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடி முடிப்பதற்குள் ஐந்தரைக் கோடிச் சுற்றுக்கு மேல் ஆகிவிடும். இத்தனைக்கும் நடுவில் குண்டும் வளையமும் தொட்டுக்கொள்ளும் பரப்பு சில சதுர மில்லிமீட்டர்தான். வளைவில் திரும்பும்போது பாரம் பக்கவாட்டில் தள்ளும், பள்ளத்தில் இறங்கும்போது மேலிருந்து இடிக்கும். எல்லாவற்றையும் அந்தச் சிறு பரப்பு வாங்கிக்கொள்ள வேண்டும்.

முன்சக்கரத்தில் முனகல் கேட்கிறது என்று இன்று வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுபோனால் மெக்கானிக் சொல்லும் பதில் ஒன்றுதான்: “பேரிங் போயிடுச்சு, மாத்தணும்.” இந்த ‘மாற்றும்’ பழக்கத்துக்கு வயது சுமார் ஐம்பது ஆண்டுதான். அதற்கு முந்தைய ஐயாயிரம் ஆண்டுகளும் சக்கரமும் அச்சும் சேரும் இடத்தை மனிதர்கள் பேணியே வந்தார்கள். எண்ணெய் விட்டார்கள், கழுவினார்கள், இறுக்கினார்கள், தளர்த்தினார்கள். பேணுவதற்குத்தான் கைத்திறன் வேண்டும், மாற்றுவதற்கு வேண்டாம் என்று இப்போது பலர் பேசுகிறார்கள். இந்தச் சின்ன உறுப்பின் வரலாறு அப்படிச் சொல்லவில்லை. திறமை தொலைந்துபோகவில்லை. அது வேலையின் வேறொரு கட்டத்துக்கு இடம் மாறியிருக்கிறது.

ஸ்லோவேனியாவின் லுப்லியானா சதுப்பு நிலத்தில் 2002ல் ஒரு மரச்சக்கரம் கிடைத்தது. வயது ஐயாயிரம் ஆண்டுக்கு மேல். அதோடு கிடைத்த அச்சு ஓக் மரம். சக்கரத்தின் நடுத்துளை சதுரம். சதுரத் துளையில் இறுகிய அச்சு சக்கரத்தோடு சேர்ந்தே சுழன்றிருக்கிறது. உரசல் முழுவதும் வண்டியின் அடிச்சட்டத்தில். அச்சை அசையாமல் நிறுத்திச் சக்கரத்தை மட்டும் சுழலவிடும் முறையில்தான் சக்கரத்தின் நடுப்பகுதியான குடம் முக்கியமாகிறது. அந்த முறையில் தேய்மானம் எல்லாம் குடத்தின் துளையில் வந்து சேர்கிறது.

டென்மார்க்கின் டேய்பியெர்க் கரிச்சதுப்பில் 1880களில் தோண்டியெடுத்த வண்டிகள் கிறிஸ்துவுக்கு முந்தைய முதல் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அவற்றின் குடத்துக்குள் நீளவாக்கில் பள்ளங்கள் செதுக்கி, அவற்றில் மரக்குச்சிகளைப் பொருத்தியிருந்தார்கள். இவை உருளைகளாகச் சுழன்றிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் சிலர் கருதுகிறார்கள். எண்ணெயைத் தேக்கிவைக்கும் ஏற்பாடு என்று கொண்டாலும் குடத்தின் உள்ளே கவனம் போயிருக்கிறது என்பது நிச்சயம்.

தமிழ் நாட்டுச் சான்று உப்பு வண்டியிலிருந்து வருகிறது. கடற்கரையிலிருந்து உள்நாட்டுக்கு உப்பு ஏற்றிப்போன உமணர்கள் வண்டியின் அடியில் ஒரு சேம அச்சைக் கட்டிவைத்துக்கொண்டு கிளம்பினார்கள். புறநானூற்றுப் பாடல் ஒன்றில் அதியமான் மகன் பொகுட்டெழினியை ஔவையார் அந்த அச்சுக்கு ஒப்பிடுகிறார். மேடும் பள்ளமும் எங்கே வரும் என்று தெரியாத பாதையில் அச்சு முறியும் என்பதை எதிர்பார்த்து, மாற்று உறுப்பைக் கையோடு கொண்டுபோன வணிகர்கள் அவர்கள். ஸ்டெப்னி டயருக்கு ஈராயிரம் ஆண்டு முந்தைய ஏற்பாடு இது. வழியில் பட்டறை இல்லாத உலகத்தில் வண்டிக்காரனே தச்சனாகவும் இருந்தாக வேண்டும்.

பிற்கால மாட்டுவண்டியில் குடம், ஆரக்கால், வட்டை, இரும்புப் பட்டா, இருசு, கடையாணி என்று ஒவ்வொன்றுக்கும் தனிக் கவனிப்பு உண்டு. குடத்துத் துளை தேயாமல் இருக்க உள்ளே இரும்புக் குழல் இறக்கினார்கள். வைக்கோலைக் கரித்து விளக்கெண்ணெயில் குழைத்த மசகு, வண்டியில் தொங்கும் மூங்கில் குழாயில் எப்போதும் இருக்கும். கடையாணியைப் பிடுங்கி, சக்கரத்தை வெளியே சற்று இழுத்து, இருசின் கழுத்தில் மசகை அப்பிவிட்டு மறுபடி தள்ளுவார்கள். சந்தைக்குப் போகுமுன் செய்யாவிட்டால் வழியெல்லாம் சக்கரம் கிறீச்சிட்டுக் காட்டிக்கொடுத்துவிடும்.

குண்டுகளை இடையில் விட்டால் உரசல் உருளலாக மாறும் என்ற யோசனை பழையது. இத்தாலியின் நெமி ஏரியடியில் மூழ்கிக்கிடந்த ரோமப் பேரரசன் கலிகுலாவின் கப்பல்களை 1929 முதல் 1932 வரை வெளியே எடுத்தபோது, சுழலும் மேடை ஒன்றின் வெண்கலக் குண்டுகள் கிடைத்தன. லியோனார்டோ டா வின்சி குண்டுகள் ஒன்றையொன்று உரசாமல் இருக்கத் தனித்தனியாகப் பிரித்து வைக்கும் அமைப்பை வரைந்து வைத்தார். வேல்ஸ் நாட்டின் கார்மார்தனில் இரும்பு உருக்காலை நடத்திய பிலிப் வான், குதிரை வண்டி அச்சில் பள்ளம் வெட்டிக் குண்டுகளை ஓடவிடும் முறைக்கு 1794ல் காப்புரிமை வாங்கினார். இன்றைய வீல் பேரிங்கின் நேர் மூதாதை இதுதான். ஆனாலும் அது பரவவில்லை. எல்லாம் ஒரே அளவாக, பிசகில்லாத உருண்டையாக, உடையாத எஃகில் குண்டு செய்யும் வழி அன்றைக்கு யாரிடமும் இல்லை. ஒரு குண்டு மற்றவற்றைவிடத் துளி பெரிதாக இருந்தால் பாரம் முழுவதும் அதன் தலையில் விழும். அது நொறுங்கினால் அடுத்தது.

வழி திறந்தது சைக்கிளால். காரணம் எளிது. குதிரை உரசலைப் பற்றிப் புகார் சொல்லாது. தன் காலால் மிதிக்கிற மனிதன் சொல்வான். பாரிஸைச் சேர்ந்த சைக்கிள் மெக்கானிக் ஜூல் சூரிரே 1869ல் சைக்கிள் சக்கரத்துக்கான குண்டுப் பேரிங்குக்குக் காப்புரிமை பெற்றார். அதே ஆண்டு நவம்பர் 7ஆம் தேதி பாரிஸிலிருந்து ரூவான் நகருக்கு 123 கிலோமீட்டர் பந்தயம் நடந்தது. ஜேம்ஸ் மூர் என்ற ஆங்கிலேயர் பத்து மணி நேரத்துக்கு மேல் மிதித்து முதலாவதாக வந்தார். அவருடைய வண்டியில் இருந்தது சூரிரேயின் பேரிங். அதன் பிறகு வாங்குபவர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

குண்டு செய்யும் சிக்கலைத் தீர்த்தவர் ஜெர்மனியின் ஷ்வைன்ஃபுர்ட் என்ற சிற்றூர்க்காரர் பிரீட்ரிக் பிஷர். எஃகுக் குண்டுகளை ஒரே அளவில், பிசகில்லாத உருண்டையாக அரைத்தெடுக்கும் இயந்திரத்தை 1883ல் அவர் உருவாக்கினார். அதே ஊரில் பந்தய சைக்கிள்காரர் எர்ன்ஸ்ட் சாக்ஸ் 1894ல் சைக்கிள் ஹப்புக்கான குண்டுப் பேரிங்குக்குக் காப்புரிமை வாங்கி, மறு ஆண்டு கம்பெனி தொடங்கினார். ஓர் ஆற்றங்கரைச் சிற்றூர் உலகத்துப் பேரிங் தலைநகரங்களில் ஒன்றாக ஆனது இப்படித்தான். அதற்கு அது கொடுத்த விலை பின்னால் வருகிறது.

தமிழ்நாட்டில் இந்தத் தொழில்நுட்பம் சாதாரண மனிதனின் கைக்கு வந்த இடமும் சைக்கிள் கடைதான். சென்னை அம்பத்தூரில் 1949ல் தொடங்கிய டிஐ சைக்கிள்ஸின் ஹெர்குலிஸ் ஆனாலும் வேறெந்த வண்டியானாலும் முன்சக்கர ஹப் ஒன்றேதான்: பக்கத்துக்குப் பத்துக் குண்டு, ஒவ்வொன்றும் அங்குலத்தில் பதினாறில் மூன்று பங்கு. பின்சக்கரத்தில் பக்கத்துக்கு ஒன்பது, கால் அங்குலக் குண்டு. ஓவர்ஹாலுக்கு வண்டி வந்தால் கடைப் பையன் ஹப்பைப் பிரித்துக் குண்டுகளை மண்ணெண்ணெய் டப்பாவில் கொட்டிக் கழுவுவான். கப்பில் கிரீஸைத் தடவி, குண்டுகளை ஒவ்வொன்றாக அதில் ஒட்டவைப்பான். கிரீஸ்தான் அவற்றை விழாமல் பிடித்துக்கொள்ளும். பிறகு கோனைத் திருகி, மெல்லிய ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு நட்டை இறுக்குவான். அதிகம் இறுக்கினால் சக்கரம் கட்டும், தளர்த்தினால் ஆடும். சரியாக இருந்தால், தூக்கிப் பிடித்த சக்கரம் வால்வு இருக்கும் பக்கத்தின் கனத்தால் தானே மெல்லச் சுழன்று, வால்வு கீழே வந்து நிற்கும். பொறியியல் கல்லூரியில் கிளியரன்ஸ் என்று படிப்பதைப் பத்து வயதுப் பையன்கள் விரல்நுனியில் கற்றுக்கொண்டார்கள். இந்த நாட்டின் மெக்கானிக்குகளில் ஏராளமானவர்கள் அந்தக் கடைகளில்தான் தொழிலைத் தொடங்கினார்கள். இது போதிய அளவு எழுதப்படாத வரலாறு.

கார் வந்ததும் குண்டுக்குச் சோதனை வந்தது. சைக்கிள் சாய்ந்து திரும்பும். அதனால் சக்கரத்தின் மேல் பக்கவாட்டுத் தள்ளல் குறைவு. நான்கு சக்கர வண்டி சாயாமல் திரும்புவதால் குடத்தைப் பக்கவாட்டில் நெருக்கும். செயின்ட் லூயிஸ் நகரில் குதிரை வண்டி கட்டும் தொழில் செய்துவந்த ஹென்றி டிம்கன் இந்தச் சிக்கலை நன்கு அறிந்தவர். குண்டுக்குப் பதில் ஒரு முனை பருத்து மறுமுனை சிறுத்த உருளைகளை, அதே சாய்வுள்ள வளையங்களுக்கு நடுவில் வைத்தார். மேலிருந்து வரும் பாரத்தையும் பக்கத்திலிருந்து வரும் தள்ளலையும் ஒரே பேரிங் தாங்கியது. 1898ல் காப்புரிமை, 1901ல் தொழிற்சாலை ஒஹையோ மாநிலத்தின் கான்டன் நகருக்கு இடம் மாறியது. கார்கள் பெருகிக்கொண்டிருந்த டெட்ராய்ட்டும், எஃகு வார்த்த பிட்ஸ்பர்க்கும் அங்கிருந்து எட்டும் தூரத்தில் இருந்தன.

அதே காலத்தில் ஸ்வீடனின் கோதன்பர்க்கில் ஒரு நெசவாலை இன்ஜினியர் வேறொரு தலைவலியில் இருந்தார். ஆலை நின்ற களிமண் நிலம் இறங்க இறங்க, இயந்திரங்களை ஓட்டும் நீள அச்சுகள் கோணி, பேரிங்குகள் அடிக்கடி போயின. அந்த ஸ்வென் விங்க்விஸ்ட் 1907ல் அச்சு சற்றுச் சாய்ந்தாலும் தானே சரிசெய்துகொள்ளும் பேரிங்கை வடிவமைத்தார். அதைத் தயாரிக்க அவ்வாண்டே பிறந்த கம்பெனி எஸ்கேஎஃப். அதன் துணை நிறுவனமாகத் தொடங்கியதுதான் வோல்வோ; 1927ல் கோதன்பர்க்கில் அதன் முதல் கார் வெளிவந்தது. பேரிங் செய்தவர்கள் கார் செய்யப் போன கதை அது.

டிம்கனின் சாய்வு உருளை காரின் முன் ஹப்பில் அரை நூற்றாண்டு கோலோச்சியது. எஞ்சின் முன்னால், ஓட்டும் சக்கரம் பின்னால் என்றிருந்த வண்டிகளில் முன்சக்கரத்துக்கு வேலை இரண்டே: பாரம் தாங்குவது, திரும்புவது. சக்கரத்தைத் தாங்கித் திருப்பும் நக்கிளிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்பின்டில் தண்டில் உட்பக்கம் பெரிய பேரிங், வெளிப்பக்கம் சிறியது. மேலே நட்டு, அது திருகிக்கொள்ளாமல் காட்டர் பின், அதை மூட ஒரு கிரீஸ் மூடி. ஹப்பைக் கழற்ற ஒரு ஜாக்கியும் சில ஸ்பேனர்களும் போதும்.

அதைப் பேணும் முறையைக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். பழைய கிரீஸைக் கழுவித் துடைத்த கோனை மெக்கானிக் ஒளியில் பிடித்து ஒவ்வொரு உருளையாகத் திருப்பிப் பார்ப்பார். நீலம் பாய்ந்திருந்தால் சூடு கண்டது என்று பொருள். செதில் பெயர்ந்திருந்தால் ஆயுள் முடிந்தது. நன்றாக இருந்தால் இடது உள்ளங்கையில் ஒரு குவியல் கிரீஸ். கோனின் அகன்ற வாயை அந்தக் குவியலின் ஓரத்தில் வைத்து அழுத்தி அழுத்தி இழுப்பார். உருளைகளுக்கு நடுவே ஏறிய கிரீஸ் மேல் விளிம்பில் புழுப்போல் நெளிந்து வெளிவரும் வரை அழுத்த வேண்டும். வந்ததும் சற்றுத் திருப்பி அடுத்த பகுதி. வெளியே மட்டும் பூசிவிட்டு உள்ளே விட்டுவிட்டால் நூறு கிலோமீட்டருக்குள் தெரிந்துவிடும்.

பூட்டும்போது சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கி உருளைகளை உட்காரவைப்பார். பிறகு முழுக்கத் தளர்த்தி, விரலால் மட்டும் மறுபடி திருகுவார். காட்டர் பின் துளை நேராக வரவில்லையென்றால் தளர்த்தித்தான் நேராக்க வேண்டும், இறுக்கி அல்ல. இருக்கவேண்டிய ஆட்டம் அதிகம் போனால் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. அதை அளவுக் கருவியில் பார்த்தவர்கள் குறைவு. சக்கரத்தின் மேலும் கீழும் கைவைத்து அசைத்து, “பிளே சரியாயிருக்கு” என்று சொன்னவர்களே அதிகம். சொன்னது பெரும்பாலும் சரியாகவும் இருந்தது.

ஷ்வைன்ஃபுர்ட் கொடுத்த விலைக்கு வருவோம். இரண்டாம் உலகப் போரின்போது ஜெர்மானியப் பேரிங் உற்பத்தியில் பெரும்பங்கு அந்த ஓர் ஊரில் குவிந்திருந்தது. லாரி, டாங்கி, விமானம் எதுவும் பேரிங் இல்லாமல் நகராது. அந்த ஊரை அடித்தால் ராணுவமே நின்றுவிடும் என்று அமெரிக்க விமானப்படை கணக்குப் போட்டது. 1943 ஆகஸ்ட் 17 அன்று ரேகன்ஸ்பர்க், ஷ்வைன்ஃபுர்ட் இரண்டையும் குறிவைத்துக் கிளம்பிய 376 குண்டுவீச்சு விமானங்களில் 60 திரும்பவில்லை. அக்டோபர் 14ல் மறுபடி போனார்கள். மறுபடி 60 விமானங்கள் விழுந்தன. ஒவ்வொன்றிலும் பத்து இளைஞர்கள். கீழே தொழிலாளர் குடியிருப்புகளும் எரிந்தன. ஆனாலும் ஜெர்மனி நின்றுவிடவில்லை. இயந்திரங்களைப் பல ஊர்களுக்குப் பிரித்து அனுப்பியது, கையிருப்பில் சமாளித்தது, நடுநிலை நாடான ஸ்வீடனிடம் வாங்கியது. பிரிட்டனும் அதே ஸ்வீடனிடம்தான் வாங்கியது. 1941 ஜனவரியில் ஐந்து நார்வே கப்பல்கள் ஜெர்மன் காவலைத் தாண்டிப் பேரிங்குகளோடும் எஃகோடும் பிரிட்டன் போய்ச் சேர்ந்தன. பின்னாளில் மரத்தாலான மஸ்கீட்டோ விமானங்கள் இரவில் ஸ்டாக்ஹோம் போய்ப் பேரிங் மூட்டைகளை ஏற்றி வந்தன. ஒரு குண்டுக்காக இத்தனை உயிர்கள் போனதை நினைத்தால் மனம் கனக்கிறது.

இந்தியாவுக்கும் இது பாடமாக இருந்தது. இறக்குமதியை நம்பியிருந்த நாட்டில் ஜெய்ப்பூரில் 1946ல் நேஷனல் இன்ஜினியரிங் இண்டஸ்ட்ரீஸ் தொடங்கியது. 1960களில் புனேயிலும் வதோதராவிலும் வெளிநாட்டுக் கூட்டோடு பேரிங் ஆலைகள் எழுந்தன.

பேணும் முறையை முடிவுக்குக் கொண்டுவந்தது முன்சக்கர இயக்கம். 1934ல் சித்ரோயனின் டிராக்‌ஷன் அவான், 1959ல் அலெக் இசிகோனிஸின் மினி, இந்தியாவில் 1983 டிசம்பரில் மாருதி 800. எஞ்சின் முன்சக்கரத்தையே ஓட்டினால் ஸ்பின்டில் இருந்த இடத்தில் இப்போது சுழலும் டிரைவ் ஷாஃப்ட் நுழைய வேண்டும். ஆகவே கட்டுமானம் தலைகீழானது. பேரிங் நக்கிளின் துளைக்குள் போய் உட்கார்ந்தது. ஹப் அதன் நடுவில் இறங்கியது. ஷாஃப்ட் ஹப்பின் நடுவில். ஓட்டும் விசையும் திருப்பும் விசையும் பாரமும் ஒரே இடத்தில் வந்து குவிந்தன. விரலால் திருகிப் பார்த்துச் சரிசெய்ய இடமும் இல்லை, அந்தத் துல்லியம் போதவும் இல்லை.

1970களில் பரவிய விடை, இரட்டை வரிசைக் குண்டுகளும் கிரீஸும் சீலும் ஆலையிலேயே அடைத்து வந்த ஒற்றைப் பேரிங். அதன் உள்வளையம் இரண்டு பாதிகளாக இருக்கும். ஷாஃப்ட் நட்டைக் குறித்த அளவுக்கு இறுக்கினால் இரு பாதிகளும் நெருங்கி, தேவையான இறுக்கம் தானாக அமையும். ‘பிளே’ எவ்வளவு என்ற முடிவு மெக்கானிக்கின் கையிலிருந்து ஆலையின் அரைவை இயந்திரத்துக்குப் போன தருணம் இது. அடுத்த தலைமுறையில் வெளிவளையத்திலேயே நக்கிளில் மாட்டும் காது வந்தது. அதற்கடுத்ததில் ஹப்பும் பேரிங்கும் ஒரே உடலாகி, மூன்று நான்கு போல்ட்டில் கழற்றி மாட்டும் யூனிட் ஆனது.

1978ல் மெர்சிடிஸ் எஸ் கிளாஸில் போஷ் நிறுவனத்தின் ஏபிஎஸ் வந்த பிறகு ஹப்புக்கு இன்னொரு பொறுப்பும் சேர்ந்தது. சக்கரம் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று கணினிக்குச் சொல்ல வேண்டும். முதலில் தனிப் பல்சக்கரம் அந்த வேலையைச் செய்தது. பிறகு பேரிங் சீலிலேயே காந்த வளையம் ஒட்டி வந்தது. பார்வைக்கு இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருக்கும் அந்தப் பேரிங்கைத் திருப்பிப் போட்டுவிட்டால் சத்தம் வராது, ஆட்டம் இருக்காது. டேஷ்போர்டில் ஏபிஎஸ் விளக்கு மட்டும் அணையாது. எந்தப் பக்கம் காந்தம் என்று பார்க்க, மேலே வைத்தால் கோடுகள் தெரியும் ஒரு சிறு அட்டையைச் சில மெக்கானிக்குகள் வைத்திருக்கிறார்கள்.

மாற்ற முடியாத இடத்தில் பேணுதல் எத்தனை தூரம் போகும் என்பதற்கு யாழ்ப்பாணம் சாட்சி. 1990களில் போர்க்காலக் கட்டுப்பாடுகளால் எரிபொருளும் உதிரிப்பாகங்களும் வடக்கே போவது அரிதானது. ஆஸ்டின் ஏ-40, மொரிஸ் மைனர் போன்ற ஐம்பதுகளின் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடி ஊரைத் தாங்கின. அந்த வண்டிகளின் முன் ஹப்பைக் கைக்கருவிகளாலேயே பிரித்துப் பேரிங்கைக் கழுவி, கிரீஸ் அடைத்து மறுபடி பூட்ட முடிந்தது. சீல் வைத்த யூனிட் போட்ட நவீன கார் அங்கே அதிக நாள் தாக்குப்பிடித்திருக்காது. பழைய வண்டி மேலானது என்பதல்ல இதன் பொருள். எதைத் திறக்க முடியுமோ அதைத்தான் நெருக்கடியில் காப்பாற்ற முடியும்.

சீல் வைத்த பேரிங் சாதாரணக் காலத்தில் நல்லது என்பதில் ஐயமில்லை. கிரீஸ் வைக்க மறந்ததால் நடுச்சாலையில் சக்கரம் கழன்ற விபத்துகளை அது பெரிதும் குறைத்தது. ஆனால் அதை மாற்றுவது எளிய வேலை என்று நினைத்தவர்கள் பலர் இரண்டாவது பேரிங்குக்கும் காசு கொடுத்திருக்கிறார்கள். முதலில், கெட்டது எந்தப் பக்கம் என்று தெரிய வேண்டும். இடப்புறம் திரும்பும்போது பாரம் வலச்சக்கரத்தில் ஏறும். அப்போது முனகல் கூடினால் சந்தேகம் வலப்பக்கத்தின் மேல். சந்தேகம் தீராவிட்டால் அனுபவசாலிகள் வண்டியைத் தூக்கி, சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கில் ஒரு கையை வைத்துக்கொண்டு மறுகையால் சக்கரத்தைச் சுற்றுவார்கள். காதுக்கு எட்டாத சொரசொரப்பு ஸ்பிரிங் வழியாக உள்ளங்கைக்கு வந்துவிடும்.

பிறகு பிரஸ். பழைய ஹப்பை அழுத்தி வெளியே தள்ளும்போது உள்வளையத்தின் ஒரு பாதி ஹப்பிலேயே ஒட்டிக்கொண்டு வரும். அதைக் கிரைண்டரில் பாதி வெட்டி, உளியால் ஒரு தட்டுத் தட்டி எடுக்க வேண்டும். ஹப்பின் தண்டில் கீறல் விழக்கூடாது. புதுப் பேரிங்கை நக்கிளில் இறக்கும்போது விசை வெளிவளையத்தில் மட்டும் படவேண்டும். ஹப்பை அதனுள் இறக்கும்போது உள்வளையத்துக்குக் கீழே முட்டுக் கொடுக்க வேண்டும். மாற்றிச் செய்தால் டன் கணக்கான அழுத்தம் குண்டுகள் வழியாகப் போய்ப் பாதையில் குழி விழுத்தும். கடினத்தன்மையை அளக்கும் முறையை 1900ல் உலகுக்குக் காட்டிய ஸ்வீடன்காரர் யோஹான் பிரினெலின் பெயரைத்தான் அந்தக் குழிகளுக்கு இன்ஜினியர்கள் வைத்திருக்கிறார்கள். சுத்தியலால் அடித்து இறக்கிய பேரிங் அன்று அமைதியாகவே ஓடும். சில வாரம் கழித்து முனகத் தொடங்கும்போது பழி பேரிங் கம்பெனி மேல் விழும். ஷாஃப்ட் நட்டுக்கு டார்க் ரெஞ்ச் கட்டாயம். அதை இறுக்கி முடிக்கும் முன் வண்டியின் பாரத்தைச் சக்கரத்தில் இறக்கினால், இன்னும் நெருங்காத உள்வளையப் பாதிகளின் மேல் அத்தனை கனமும் கோணலாக ஏறும்.

இரண்டு கலைகளும் இன்று ஒரே ஊரில் பக்கத்துப் பக்கத்தில் நடக்கின்றன. நாமக்கல், சங்ககிரி வட்டாரத்து லாரிப் பட்டறைகளில் முன் ஹப்பைப் பிரித்தால் பெரும்பாலும் டிம்கன் காலத்துச் சாய்வு உருளைகள் ஒரு ஜோடி, கைநிறையக் கிரீஸ், இறுக்கித் தளர்த்தும் அதே நட்டு. அடுத்த பட்டறையில் கார் நக்கிள் ஹைட்ராலிக் பிரஸ்ஸின் அடியில் ஏறியிருக்கும். பழைய கார், லாரி அச்சுகள் கிராமங்களின் டயர் வண்டிக்குப் போய், மாடு இழுக்கும் சக்கரத்திலும் சாய்வு உருளைகள் ஓடுகின்றன. லாரிகளிலும் இப்போது ஆலையிலேயே கிரீஸ் அடைத்து, இறுக்கம் வைத்து வரும் ஹப்புகள் புகத் தொடங்கிவிட்டன.